புதுத்தோட்டம் ரோட்டு மேல கிளைங்க சேர்ந்தே இருக்கட்டும் – ஒரு திறந்த மடல்

நெடுஞ்சாலைத் துறை, மின்வாரியம், வால்பாறை எஸ்டேட் நிர்வாகங்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க,

மூணு பேருக்கும் தனித்தனியா மனு எழுதாம ஒரே கடுதாசியா எழுதுறேன், அதுக்கு காரணம் இருக்கு. பொள்ளாச்சி ரோட்டுல வர்றப்ப புதுத்தோட்டம் பக்கத்துல ரோட்டோரமா நிக்கிற ஏதோ ஒரு பெரிய மரத்தை எடுத்துக்கோங்க. அடிமரம் ரோட்டு எல்லைக்குள்ள நிக்கும், ஒரு கிளை கரண்ட் லைன் மேல சாஞ்சிருக்கும், எதிர்ப்பக்கம் போற கிளை எஸ்டேட் மரத்தோட கிளையை தொட்டுக்கிட்டு இருக்கும். உங்க மூணு பேர்ல யாரு வெட்டினாலும் மேல குரங்குங்க கடந்து போற அந்த தொடர்பு அறுந்துடும், மத்த ரெண்டு பேருக்கு அது தெரியவே தெரியாது, ஏன்னா உங்க ஃபைல்ல அந்த மரத்துக்கு நம்பர் இருக்கும், சுத்தளவு இருக்கும், ஆனா அது எந்த மரத்தை தொடுதுன்னு எழுத ஒரு கட்டமே கிடையாது. அந்த கட்டத்தை போட்டுக் குடுங்கன்னு கேக்கத்தான் இந்த கடுதாசி.

சிங்கவால் குரங்கை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்ல, ஜீப்புல போறப்ப வர்றப்ப பாக்கறீங்க. ஆனா தினம் பாக்குறதாலயே அது நிறைய இருக்குன்னு நமக்கு ஒரு நெனப்பு வந்துடுது. உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் இருக்கு, கர்நாடகா, கேரளா, தமிழ்நாடு மூணுலயும் சேத்து மொத்தமே 4000 வாக்குல தான் இருக்கும்னு கணிச்சிருக்காங்க. ஒரு சின்ன கிராமத்து ஜனத்தொகை. 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, அதாவது புலிக்கும் யானைக்கும் இருக்கிற அதே பாதுகாப்பு. பெண் குரங்கு ஆறு வயசு தாண்டித்தான் முதல் குட்டி போடும், ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணு, அடுத்தது ரெண்டரை மூணு வருஷம் கழிச்சு. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல திரியுற நாட்டுக்குரங்கு மாதிரி சீக்கிரம் பெருகுற சாதி இல்ல இது. அதனால ஒரு தாய்க்குரங்கு வண்டியில அடிபட்டு செத்தா அது வெறும் ஒரு குரங்கு இல்லீங்க, அந்த கூட்டம் அந்த எண்ணிக்கைக்கு திரும்பி வர்றதுக்கு வருஷக்கணக்காகும், அதுக்குள்ள இன்னொண்ணு அடிபட்டா திரும்பி வரவே வராது.

இந்த மேடு ஒரு காலத்துல முழுக்க மழைக்காடு. 1890-கள்ல கார்வர் மார்ஷ் மாதிரி வெள்ளைக்கார தோட்டத்துரைங்க வந்து காட்டை அழிச்சு காப்பியும் டீயும் போட ஆரம்பிச்சாங்க, எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் ஆள் சேக்குற கங்காணி கூட மலையேறி வந்து அந்த மரத்தை வெட்டினவங்க தான், அவங்களுக்கு வேற வழி கிடையாது. இப்ப 220 சதுர கிலோமீட்டர் வால்பாறை மேட்டுல டீக்கு நடுவுல நாப்பதுக்கு மேல துண்டுக் காடுங்க மிச்சம் இருக்கு, ஆண்டிப்பாறை, அக்காமலை, வரட்டுப்பாறை, புதுத்தோட்டம்னு. சிலது பெருசு, சிலது ஒரு ஏக்கர் கூட தேறாது. சுத்தி ஆனைமலை புலிகள் காப்பகம், பறம்பிக்குளம்னு பெரிய காடு இருக்கு, ஆனா மரத்து மேலயே வாழுற உயிருக்கு அது கண்ணுக்கு தெரியுற தூரத்துல இருந்தும் எட்டாத எடம், நடுவுல இடுப்பளவு டீச்செடி தானே இருக்கு.

பெரிய காட்டுல ஒரு கூட்டம், அதாவது பதினஞ்சு இருபது குரங்கு, ஒண்ணுல இருந்து அஞ்சு சதுர கிலோமீட்டர் வரைக்கும் சுத்தி மேயும்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. புதுத்தோட்டம் காடு ஒரு சதுர கிலோமீட்டர் கூட கிடையாது, அதுல பல கூட்டமா பிரிஞ்சு 150-க்கும் மேல குரங்கு இருக்கு, அந்த காட்டையும் நம்ம ரோடு நடுவுல பொளந்துக்கிட்டு போகுது. எண்ணிக்கையை மட்டும் பாத்தா நல்லாத்தானே இருக்குன்னு தோணும். ஆனா அது நெருக்கம்ங்க, வெளிய போக வழியில்லாததால உள்ளயே சேர்ந்த கூட்டம். இந்த சாதியில பெண் குரங்கு பிறந்த கூட்டத்துலயே இருந்துடும், ஆண் தான் வளந்ததும் வெளிய கிளம்பி வேற கூட்டம் தேடி போகணும். போக வழி இல்லன்னா சொந்தத்துக்குள்ளயே கலப்பு நடக்கும், பல தலைமுறையில அதோட பாதிப்பு தெரிய வரும், அப்ப தெரிஞ்சு எந்த பிரயோஜனமும் இல்ல.

மரத்து மேல வழி இல்லாததால அதுங்க தரைக்கு இறங்குது. ரோட்டை கடக்குது, தொழிலாளிங்க குடியிருக்கிற லைன் வீட்டு ஓட்டை தூக்குது, அடுப்படியில புகுந்து சோறு முட்டை எல்லாத்தையும் எடுத்துட்டு போகுது, குப்பைத்தொட்டிய கவுக்குது. இதனால அவதிப்படுறது தோட்டத் தொழிலாளிங்க தான், விடியக்காலையில பறிக்கப் போயிட்டு சாயங்காலம் வந்து பாத்தா வீடு கலைஞ்சு கிடக்கும், எங்களுக்கும் அது புதுசில்ல. அந்த கோவத்தை நான் தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்த குரங்கோட உடம்பு வெடிப்பலாங்கிற காட்டு மரத்தோட காய்க்கும், அத்திப்பழத்துக்கும் உச்சாணிக் கிளைக்கும் ஆன உடம்பு, தாடைப் பையில பழத்தை அடக்கிக்கிட்டு ஒரு மரத்துல இருந்து அடுத்த மரத்துக்கு போயிட்டே இருக்க வேண்டியது. அது பிஸ்கட் பாக்கெட்ட கிழிக்கிறது நாம அதை கொண்டுவந்து விட்ட நிலைமை.

இது சிங்கவால் குரங்கோட மட்டும் முடியற விஷயம் இல்ல. கருமந்தி ஓரளவுக்கு நல்லா தாவும், மலையணிலும் தாவும், பறக்கும் அணில் உயரமான மரம் இருந்தா அங்கிருந்து சறுக்கி அடுத்த மரத்துக்கு போயிடும், உயரத்தை வெட்டிட்டீங்கன்னா அதோட தூரமும் கொறைஞ்சு போச்சு. பழுப்பு மரநாய் இந்த மலைத்தொடர்ல மட்டும் இருக்கிற இன்னொரு சாதி, ராத்திரியில பழம் தின்னு விதையை காடு முழுக்க போடுறது அது தான். இதுல ரொம்ப பாவம் தேவாங்கு. அதுக்கு தாவவே வராது, ஒரு கிளைய புடிச்சுக்கிட்டு தான் அடுத்த கிளைய புடிக்கும், கை எட்டுற தூரத்துல கிளை இல்லன்னா தரையில இறங்கி ஊர்ந்துதான் போகணும், ரோட்டுல அப்படி போறப்ப வண்டி வந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா. நம்ம அரசாங்கம் 2022ல கரூர் திண்டுக்கல் மாவட்டங்கள்ல 11,806 ஹெக்டேரை கடவூர் தேவாங்கு சரணாலயம்னு அறிவிச்சுது, நாட்டுலயே தேவாங்குக்குன்னு முதல் சரணாலயம், மனசார பாராட்டுறேன். அதே அக்கறை சரணாலய போர்டு இல்லாத எடத்துலயும் வேணும்னு கேக்குறேன், ஏன்னா புதுத்தோட்டம் காடு தனியார் எஸ்டேட்டுக்குள்ள இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வரேன். ரோடு வேலைன்னு வந்தா ஒரு மரம் வெட்டினா பத்து மரக்கன்னு நடுவோம்னு சொல்றது வழக்கம். நல்ல எண்ணத்துல சொல்றீங்கன்னு தெரியும். ஆனா அந்த பத்து எங்க நடுவீங்க? ஏதாவது ஸ்கூல் காம்பவுண்டுல, பூங்காவுல, எடம் இருக்கிற எடத்துல. வெட்டின மரம் ரோட்டோட ரெண்டு பக்கத்துக் காட்டையும் மேல சேத்து வெச்சிருந்த மரம்னா, பத்து என்ன ஆயிரம் நட்டாலும் வேற எடத்துல நட்டது அந்த குரங்குக்கு உதவாது. அதே எடத்துல நட்டாலும் ஒரு வெடிப்பலாவோ நாங்கு மரமோ ஆளாகி, ரோட்டை தாண்டி கிளை நீட்டி எதிர்ப்பக்கத்தை தொடுறதுக்கு நம்ம பேரன் காலம் ஆயிடும். அதுவரைக்கும் அந்த கூட்டம் எப்படி கடக்கும்? ஆறு உள்ள ஊர்ல பாலத்தை இடிச்சுட்டு, அதுக்கு பதிலா சந்தைப்பேட்டையில பத்து பாலம் கட்டித்தரேன்னு சொன்னா நாம ஏத்துக்குவோமா?

நெடுஞ்சாலைத் துறைக்கு: வளைவை அகலப்படுத்துறதுக்கோ, மழைக்கு முன்னாடி மரம் கழிக்கிறதுக்கோ டெண்டர் விடுறதுக்கு முந்தி, வனத்துறை ஆளையும் எஸ்டேட் ஆளையும் கூட்டிக்கிட்டு ரோட்டுல ஒரு தடவை நடங்க. கீழ பாக்காதீங்க, அண்ணாந்து பாத்துக்கிட்டு நடங்க. எங்கெல்லாம் ரெண்டு பக்கத்து கிளையும் மேல சேருதோ, எங்கெல்லாம் ரெண்டு மூணு வருஷத்துல சேர்ந்துடும்னு தெரியுதோ, அந்த மரத்துல எல்லாம் ஒரே கலர்ல ஒரு பட்டை அடிச்சு விடுங்க, இந்த மரத்தை தொடக்கூடாதுன்னு கான்ட்ராக்டரோட ஆளுக்கு படிக்காமலே புரியணும். அவர் மேல குத்தம் சொல்ல முடியாது, அவர்கிட்ட யாரும் சொன்னதில்ல. உண்மையிலேயே சாயுற நிலைமையில இருக்கிற ஆபத்தான மரம்னா வெட்டித்தான் ஆகணும், 40 கொண்டை ஊசி வளைவுல பஸ் மேல மரம் விழுந்தா என்ன ஆகும்னு எங்களுக்கு தெரியும், நாங்களும் அந்த பஸ்லதான் போறோம். அப்படி வெட்டுறப்ப, வெட்டுறதுக்கு முன்னாடியே பக்கத்துல ஒரு மாத்து வழி போட்டுட்டு வெட்டுங்க. குரங்கு கடக்கிற எடத்துல ஸ்பீடு பிரேக்கர் போதுமான அளவு இருக்கணும், அதை ஒவ்வொரு தடவை ரோடு போட்ட பிறகும் மறக்காம திரும்ப போடணும்.

மாத்து வழின்னு சொன்னேன்ல, அது இங்க ஏற்கனவே இருக்கிறது தான். 2008 வாக்குல இருந்து நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்ங்கிற இயற்கை பாதுகாப்பு அமைப்போட ஆளுங்க வனத்துறையோட சேர்ந்து, தீயணைப்பு வண்டியில இருக்கிற மாதிரி கேன்வாஸ் ஹோஸை பின்னி ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் கட்டி விட்டாங்க. ஆரம்பத்துல குரங்கு யோசிச்சுது, அப்புறம் பழகிடுச்சு, இப்ப மலையணிலும் அதுல ஓடுது. ரோட்டோரமா ஆள் போட்டு, கூட்டம் கடக்குறப்ப வண்டியை நிறுத்தி அனுப்பி வைக்கிறாங்க, மழையிலயும் குளிர்லயும் நிக்கிற அந்த வாட்சர்களுக்கு நாம எல்லாரும் கடன்பட்டிருக்கோம். ஆனா ஹோஸ் பாலம் ஒரு தற்காலிக ஏற்பாடு தான்ங்க. ரொம்ப மழை பெய்யுற சின்னக்கல்லாறு இருக்கிற மலை இது, எதைக் கட்டினாலும் நைஞ்சு போகும், ரெண்டு பக்கமும் கட்டியிருக்கிற மரம் வளர வளர தளர்ந்தும் போகும் இறுகியும் போகும், வருஷா வருஷம் ஏறி பாக்கணும். அதை விட முக்கியம், பாலத்தைக் கட்டுறதுக்கே ரெண்டு பக்கமும் மரம் வேணும். பாலம் இருக்கே, அப்ப மரத்தை வெட்டலாம்னு யாராவது கணக்கு போட்டா அது தலைகீழ் கணக்கு.

அசாம்ல நடந்தது ஒண்ணை சொல்றேன். ஜோர்ஹாட் பக்கத்துல ஹொலோங்காபார் கிப்பன் சரணாலயம், 21 சதுர கிலோமீட்டர் கூட வராது, சுத்தி நம்ம ஊரு மாதிரியே டீ எஸ்டேட். 1887ல போட்ட ரயில் பாதை அந்த காட்டை ரெண்டா பிரிச்சுடுச்சு. கிப்பன்ங்கிறது தரையில நடக்க விரும்பாத வாலில்லாக் குரங்கு சாதி, அதனால ரெண்டு பக்கமும் பிரிஞ்சே கிடந்துச்சு. 2015ல ரயில்வே செலவு பண்ணி இரும்புல ஒரு பாலம் கட்டுனாங்க, கிப்பன் அதுல ஏறல. ரெண்டு பக்கமும் மரம் வளந்து கிளையோட கிளை கூடி வந்த எடத்துல தான் கடந்துச்சு. காசு செலவு பண்ணா மட்டும் போதாது, எந்த எடத்துல எந்த உயிர் எப்படி போகும்னு தினம் பாக்குறவங்களை கேட்டு செய்யணும்.

மின்வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள். லைனுக்கு இடைஞ்சல்னு மரத்தை முழுசா மொட்டை அடிக்காதீங்க. லைன் பக்கம் இருக்கிற கிளையை மட்டும் எடுத்துட்டு, ரோட்டுக்கு மேல போற கிளையை விட்டுடலாம். மரத்து வழி அறுந்துட்டா குரங்கு அடுத்து புடிக்கிறது உங்க கம்பியை தான், ரெண்டு கம்பியை ஒரே நேரத்துல தொட்டுச்சுன்னா அதோட கதை முடிஞ்சுது, எங்களுக்கும் கரண்ட் போகும். காட்டுத் துண்டை ஒட்டி போற அந்த கொஞ்ச தூரத்துக்கு மட்டுமாவது வெறும் கம்பியை எடுத்துட்டு உறை போட்ட ஏபி கேபிள் போட்டுக் குடுங்க. மலை முழுக்க கேக்கல, குரங்கு கடக்கிற எடங்கள்ல மட்டும். அப்படி போட்டா கிளை உரசி லைன் போறதும் கொறையும், உங்க லைன்மேன் அண்ணனுங்க கொட்டுற மழையில போஸ்ட் ஏறுறதும் கொறையும்.

எஸ்டேட் நிர்வாகங்களுக்குத்தான் நிறைய சொல்லணும், ஏன்னா துண்டுக் காட்டுல பெரும்பகுதி உங்க கையில இருக்கு, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல இருக்கிற நிலம் முழுக்க உங்களோடது. டீ விலை எப்படி இருக்கு, கூலி, உரம், ஆள் பத்தாக்குறை எல்லாம் தெரியும். கஷ்டம் வந்தா முதல்ல கண்ணுக்கு படுறது நிழல் மரம் தான், சில்வர் ஓக்கை வித்தா கைக்கு காசு. சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம், அதுல குரங்குக்கு திங்க ஒண்ணும் பெருசா இல்ல, வருஷா வருஷம் கிளை கழிக்கிறதால மேல கிளையோட கிளையும் சேராது, ஆனாலும் காட்டுல இருந்து காட்டுக்கு போறப்ப அந்த மெலிஞ்ச மரத்தைக் கூட கைப்பிடியா வெச்சுக்கிட்டு போகுது. அதனால நான் கேக்குறது இது தான்: ரெண்டு துண்டுக் காட்டுக்கு நடுவுல இருக்கிற வரிசையை மட்டும் விக்காதீங்க, கிளை கழிக்காதீங்க, அந்த வரிசையில செத்த மரத்துக்கு பதிலா அத்தி, பலா, வெடிப்பலா, கருங்குங்கிலியம்னு நம்ம காட்டு மரத்தை நடுங்க. ஓடைக்கரையில எப்படியும் டீ சரியா வராது, அங்க காட்டு மரத்தை விட்டா ஓடையும் தாங்கும், வழியும் ஆகும். காப்பியும் ஏலக்காயும் இருக்கிற எடத்துல பழைய காட்டு மரம் நிழலுக்கு நிக்குது, அந்த காப்பியை பிடுங்கிட்டு டீ போடுற யோசனை யாருக்காவது இருந்தா தயவு செஞ்சு விட்டுடுங்க, அந்த காப்பித் தோட்டம் தான் பல எடத்துல இன்னிக்கு மரத்து உயிருங்களுக்கு இருக்கிற ஒரே வழி. எந்த மரம் எங்க வரும், நாத்து எங்க கிடைக்கும்னு கேக்க தூரமா போக வேண்டாம், அதே நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளருங்க திவ்யா முத்தப்பாவும் ஷங்கர் ராமனும் இருபது வருஷத்துக்கு மேல இதே மலையில உங்க எஸ்டேட்டுங்களோட சேர்ந்தே சிதைஞ்ச காட்டை திரும்ப வளர்த்துக்கிட்டு இருக்காங்க, உண்ணிச்செடியை எடுத்துட்டு நாட்டு மரம் நட்ட எடங்கள் இப்ப நிழல் கட்டி நிக்குது, போய் பாருங்க.

தனியார் நிலத்துல இதெல்லாம் நடக்குமான்னு கேக்கலாம். பிரேசில்ல ரியோ டி ஜெனிரோ மாநிலத்துல தங்கச் சிங்க டாமரின்னு ஒரு சின்ன குரங்கு. 1970-கள்ல காட்டுல வெறும் 200 வாக்குல தான் மிச்சம் இருந்துச்சு, அங்கயும் காடு துண்டு துண்டு, நிலம் பெரும்பாலும் பண்ணைக்காரங்களோடது. அவங்களோட உக்காந்து பேசி, மாடு மேயுற நிலத்துல துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல மரத்தை வரிசையா நட்டு வளர்த்தாங்க. பிஆர்-101 நெடுஞ்சாலையை அகலப்படுத்துனப்ப, ரோட்டுக்கு மேல மண் போட்டு மரம் நட்ட ஒரு பாலத்தையே கட்டி 2020ல முடிச்சாங்க. நடுவுல 2016-ல இருந்து 2018 வரைக்கும் வந்த மஞ்சள் காய்ச்சல்ல 3700 இருந்தது 2500 ஆச்சு, மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. அப்படியும் 2023 கணக்கெடுப்புல 4800 வந்துடுச்சு. ஒரு துண்டுல அழிஞ்சாலும் பக்கத்து துண்டுல இருந்து வந்து சேர வழி இருந்தது இதுக்கு பெரிய காரணம்னு நான் நம்புறேன். அந்த வழியைத்தான் உங்ககிட்ட கேக்குறேன்.

இன்னொண்ணும் சொல்லிடுறேன், இதை படிக்கிற சிலபேரு காட்டைக் காப்பாத்தணும்னா தோட்டத்தை மூடி ஆளுங்களை இறக்குன்னு ஆரம்பிச்சுடுவாங்க. மாஞ்சோலையில தோட்டம் மூடினப்ப தலைமுறையா இருந்த குடும்பங்க வேலையும் வீடும் இல்லாம பட்ட பாட்டை 2024ல எல்லாரும் பாத்தோம். நான் கேக்குற எதுக்கும் ஒரு லைன் வீட்டைக் கூட காலி பண்ண வேண்டியதில்ல. அதுக்கு மாறா, லைன் பக்கத்துல மூடி போட்ட குப்பைத்தொட்டி, தூக்க முடியாத கூரை, ஜன்னலுக்கு கம்பிவலை இதெல்லாம் நிர்வாகம் செஞ்சு குடுத்தா தொழிலாளிக்கும் நிம்மதி, குரங்கும் கீழ இறங்குறது கொறையும். நாத்துப்பண்ணை, நடுறது, பராமரிக்கிறது, பாலம் பாக்குறது எல்லாத்துக்கும் எங்க ஊரு பசங்களுக்கே வேலை குடுக்கலாம்.

டூரிஸ்ட்டா வர்றவங்களுக்கு ஒரே வரி: வண்டியை நிறுத்தி சிப்ஸ் போடாதீங்க, நீங்க போட்டது திங்க ரோட்டுக்கு வந்த குரங்கு தான் பின்னாடி வர்ற வண்டியில அடிபடுது.

தென்மேற்கு பருவமழை ஜூன்ல இறங்கிடும், அதுக்கு முன்னாடி மரம் கழிக்கிற வேலை எல்லா துறையிலயும் ஆரம்பிச்சுடும். அதனால மழைக்கு முந்தி ஒரு நாள் குறிங்க. நெடுஞ்சாலைத் துறையில ஒரு ஏஇ (உதவிப் பொறியாளர்), மின்வாரியத்துல ஒரு ஏஇ, எஸ்டேட்ல இருந்து ஒரு ஃபீல்டு ஆபீசர், வனத்துறையில ஒரு ரேஞ்சர், பாலத்தை பாத்துக்கிற வாட்சர்கள், லைன் வீடுங்கள்ல இருந்து ரெண்டு பேரு, எல்லாரும் சேர்ந்து புதுத்தோட்டத்துல ரோடு காட்டுக்குள்ள நுழையுற எடத்துல ஆரம்பிச்சு வெளிய வர்ற எடம் வரைக்கும் நடந்து, சேர்ற மரத்துக்கு எல்லாம் பட்டை அடிச்சு, அந்த லிஸ்ட்டை மூணு ஆபீஸ்லயும் ஒட்டி வைங்க. பட்டை அடிக்க பெயிண்ட்டும் ஆளும் நாங்க கொண்டு வர்றோம், தேதியை மட்டும் சொல்லுங்க.

இப்படிக்கு,
வால்பாறையில் பிறந்து வளர்ந்த ஒரு தோட்டத் தொழிலாளி மகன்